ஏர் ஃப்ரையரில் ஃப்ரோசன் காய்: என்ன கோளாறு, எங்கே கை வைப்பது

ஃப்ரோசன் காயில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். காலிஃபிளவரில் நூற்றுக்கு 92 பங்கு, பீன்ஸில் 90, ப்ரோக்கோலியில் 89, பட்டாணியில் 79. பாக்கெட்டுக்குள் அது பனிக்கட்டியாக இருக்கிறது. ஏர் ஃப்ரையருக்குள் போனதும் உருகி, கொதித்து, ஆவியாகி வெளியேறிய பிறகுதான் காயின் மேல்பக்கம் சிவக்கத் தொடங்கும். ஈரம் இருக்கிறவரை அந்த மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மொறுமொறுப்பாக வர 140 டிகிரியாவது வேண்டும். வீட்டில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. பாக்கெட்டில் வரும் பீன்ஸ், பட்டாணி, ப்ரோக்கோலி, காலிஃபிளவர் எல்லாம் உறைய வைப்பதற்கு முன்பே கொதிநீரிலோ ஆவியிலோ சில நிமிடம் வாட்டப்பட்டவை. நிறமும் மணமும் கெடாமல் இருக்க, காயிலுள்ள நொதிகளை அடக்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆகவே பாதி வேக்காடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது ஈரத்தை விரட்டி, மேலே சிவக்க வைக்கும் வேலை. பச்சைக் காய்க்குச் சொன்ன பக்குவத்தை இதற்கு அப்படியே வைத்துக்கொண்டால் சரிவராது.

நான் எல்லாக் காய்க்கும் அடிப்படையாக வைத்திருப்பது இரண்டு கட்ட முறை. ஏர் ஃப்ரையரை 200 டிகிரியில் 4, 5 நிமிடம் வெறுமனே சூடேற்றுங்கள். காயை உருகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கூடையில் பரப்புங்கள். எண்ணெய், உப்பு, பொடி எதுவும் வேண்டாம். 6 நிமிடம் ஓடட்டும். பிறகு வெளியே எடுத்து, அடியில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, காயை ஒரு பாத்திரத்தில் போட்டு எண்ணெயில் புரட்டி, மறுபடி 5 முதல் 8 நிமிடம். எண்ணெயை முதலிலேயே தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. பனி மூடிய காயில் எண்ணெய் பிடிக்காது, உருகும் நீரோடு சேர்ந்து அடித்தட்டுக்குத்தான் போகும்.

காய் சொதசொதவென்று இருக்கிறது, அடியில் தண்ணீர்

அதிகம் வரும் புகார் இது. முதலில் பார்க்க வேண்டியது அளவு.

ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். 300 கிராம் பீன்ஸை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள பனியை உருக்கிக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் ஆகுமோ, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் அதிலிருந்து வெறும் 100 கிராம் நீரை விரட்டவே செலவாகும். 1500 வாட் மெஷினுக்கு இது பெரிய சுமை. அரை கிலோ பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டினால், கீழ் அடுக்கிலிருந்து கிளம்பும் ஆவி மேல் அடுக்கின் குளிர்ச்சியில் பட்டு மறுபடி நீராகிச் சொட்டும். அப்போது உள்ளே நடப்பது வறுவல் அல்ல, அவியல்.

4 லிட்டர் கூடைக்கு 250 முதல் 300 கிராம் போதும். காயைப் பரப்பிய பிறகும் கூடையின் ஓட்டைகள் அங்கங்கே கண்ணில் பட வேண்டும். நாலு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். இரண்டாவது ஈடு முடிந்ததும் முதல் ஈட்டையும் அதோடு சேர்த்து 2 நிமிடம் ஓட்டினால் எல்லாம் ஒரே சூட்டில் தட்டுக்கு வரும்.

அளவு சரி என்றால் அடுத்து கூடைக்குள் பேப்பர் லைனரோ சிலிக்கான் கிண்ணமோ இருக்கிறதா என்று பாருங்கள். கழுவுகிற வேலை மிச்சம் என்று இப்போது பலரும் போடுகிறார்கள். கூடையின் ஓட்டைகள் இருப்பதே சூடான காற்று காயின் அடிப்பக்கமும் போய்வரத்தான். அதை அடைத்துவிட்டால், உருகிய நீர் அங்கேயே குளம்கட்டும். மாவு புரட்டிய பண்டத்துக்கு வேண்டுமானால் லைனர் போடலாம், ஃப்ரோசன் காய்க்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, காயை உருகவைத்துப் போட்டீர்களா, குழாயில் அலசினீர்களா என்பது. எதையும் கழுவாமல் சமைக்க நம் மனசு ஒப்பாது. ஆனால் இந்தக் காய் தொழிற்சாலையிலேயே கழுவி வாட்டி வந்தது. அலசினால் மேலே இன்னொரு படலம் நீர் சேர்வதுதான் மிச்சம். உருகவிட்டால் கதை இன்னும் மோசம். உறையும்போது உண்டான பனி ஊசிகள் காயின் செல் சுவர்களைக் குத்திக் கிழித்திருக்கும். மெல்ல உருகும்போது அந்தக் கிழிசல் வழியாகச் சாறெல்லாம் வடிந்து காய் துவண்டுபோகும். உப்பும் இதே வேலையைச் செய்யும் என்பதால், உப்பு எப்போதும் கடைசியில்தான்.

முதல் கட்டம் முடிந்ததா என்று கேட்டே கண்டுபிடிக்கலாம். 4 நிமிடத்தில் கூடையை இழுத்துக் குலுக்கினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சத்தமே எழாமல் நகரும். நீர் வற்ற வற்ற அது கலகலவென்று மாறும். அந்தக் கலகலப்பு கேட்டபிறகுதான் எண்ணெயை எடுக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் இன்னும் 2 நிமிடம். நீரைக் கொட்டும்போது மட்டும் கவனம். பாத்திரத்தோடு கவிழ்க்காதீர்கள். காயை இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டு, அடிப்பாத்திரத்தைத் தனியாகச் சாய்த்து ஊற்றுங்கள். கொதிக்கிற நீர் அது.

இவ்வளவும் சரியாகச் செய்து மொறுமொறுப்பாக எடுத்த பிறகு, சாப்பிடும் நேரத்துக்குள் துவண்டுபோனால், காரணம் ஏர் ஃப்ரையர் அல்ல, ஹாட்பாக்ஸ். சூடான காயை மூடி வைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். அகலமான தட்டில் பரப்பித் திறந்தே வையுங்கள்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே சில்லென்று இருக்கிறது

பெரிய காலிஃபிளவர் பூ, தடித்த கேரட் துண்டு, முழுச் சோளக்கதிர் இவற்றில்தான் இது வரும். வெப்பம் வெளியிலிருந்து நடுப்பகுதிக்குப் போய்ச்சேர வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் 2 செ.மீ. பூவுக்குச் சொன்ன நேரம் 4 செ.மீ. பூவுக்கு எட்டவே எட்டாது. பெரிய துண்டுகளை 170 டிகிரியில் 8 நிமிடம் ஓட்டி, வெளியே எடுத்து, கத்தி இறங்கும் பதத்தில் இரண்டாக நறுக்கி, பிறகு 200-க்கு ஏற்றுங்கள். நறுக்கிய பக்கமும் சிவந்து வரும், அது கூடுதல் ருசி.

உள்ளே சில்லென்று இருப்பதை ருசிக் குறையாக மட்டும் எண்ண வேண்டாம். வாட்டி உறைய வைத்ததாலேயே ஃப்ரோசன் காய் அப்படியே சாப்பிடும் பண்டமாகிவிடாது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவில் ஃப்ரோசன் சோளத்தோடு தொடர்புள்ள லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்றில் குறைந்தது 9 பேர் இறந்திருக்கிறார்கள். உறைநிலை அந்தக் கிருமியைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது. நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெரிய துண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். நடுவிலிருந்து ஆவி கிளம்பினால் சரி.

மரவள்ளி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் நம் ஆட்கள் ஃப்ரோசன் மரவள்ளிப் பாக்கெட் நிறைய வாங்குகிறார்கள். அதில் பெரும்பாலும் தோல் சீவிய பச்சைக் கிழங்குதான் இருக்கும். சயனைடை வெளிவிடும் பொருள் மரவள்ளியில் உண்டு. ஆகவே பாக்கெட்டிலிருந்து நேராக ஏர் ஃப்ரையருக்குப் போகக்கூடாது. நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டி, உலர்த்தி, எண்ணெய் புரட்டிய பிறகு 200 டிகிரியில் 12 நிமிடம் வைக்கலாம். அப்படிச் செய்தால் அருமையாக வரும்.

பட்டாணியும் சோளமும் குண்டுமணி மாதிரி இறுகிவிட்டன

மிக்ஸ்டு வெஜிடபிள் பாக்கெட்டின் பிரச்சினை இது. கேரட் வற்றுவதற்குள் பட்டாணி சுருங்கித் தோலாகிவிடும். சோளம் சில சமயம் படாரென்று வெடித்து மேலே ஹீட்டரில் போய் ஒட்டும். என் கருத்து, அந்தப் பாக்கெட் உப்புமாவுக்கும் குருமாவுக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் உரியது. ஏர் ஃப்ரையரில்தான் செய்தாக வேண்டும் என்றால், கூடைக்குள் ஒரு சின்ன கேக் டின் வைத்து, எண்ணெயை முதலிலேயே புரட்டி, 180 டிகிரியில் 8 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். மொறுமொறுப்பு வராது. ஆனால் வாயில் போட்டு மெல்லலாம்.

மசாலா ஒட்டவில்லை, ஒட்டினால் கசக்கிறது

இரண்டு புகாரும் ஒரே இடத்தில் பிறப்பவை. பொடியை எப்போது போட்டோம் என்பதுதான் கேள்வி. பனியின் மேல் தூவினால் நீரோடு வழிந்துவிடும். தப்பித்தவறி ஒட்டிய கொஞ்சமும் 200 டிகிரிக் காற்றில் கால் மணி நேரம் காய்ந்து கருகும். மிளகாய்த்தூள் சீக்கிரம் கருகும், கருகினால் இருமல் வருமளவுக்கு நெடியடிக்கும். பொடித்த பூண்டு அதைவிடச் சீக்கிரம் கசந்துபோகும்.

முதல் கட்டம் முடிந்து காய் வெளியே வந்ததும் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். மேலே லேசான பிசுபிசுப்பு மட்டும் இருக்கும். அந்தப் பதம்தான் மசாலா பிடிக்கிற பதம். 300 கிராமுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், கொஞ்சம் பெருங்காயம் குழைத்துப் புரட்டுங்கள். பொடி எண்ணெயில் நனைந்திருப்பதால் காற்றில் பறக்காது, சீராகவும் சூடாகும். இரண்டாம் கட்டத்தில் சூட்டை 180-க்கு இறக்கிவிடுங்கள். 5, 6 நிமிடம் போதும். உப்பு, கூடையை வெளியே எடுத்தபிறகு.

காலிஃபிளவர் 65 செய்கிறவர்கள் கரைத்த மாவில் முக்கி வைக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டியில் மாவு விழுந்த நொடியே சுற்றிலும் சூடு பிடித்து இறுகிவிடும். இங்கே இறுகுவதற்குள் கூடையின் ஓட்டை வழியாக வழிந்துவிடும். அதிலும் காயின் பனி உருகி மாவை இன்னும் நீர்க்கச் செய்யும். கரைசலை விட்டுவிட்டு, மேலே சொன்ன எண்ணெய் மசாலாவைப் புரட்டி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவும் உலர்ந்தபடியே தூவிக் குலுக்குங்கள். காயின் பிசுபிசுப்பே மாவை நனைத்துக்கொள்ளும். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெயைத் தொட்டுத் தடவுங்கள். உலர்ந்த மாவு எத்தனை நிமிடம் ஓடினாலும் மாவாகவேதான் இருக்கும்.

கறிவேப்பிலை, கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் எதையும் கூடைக்குள் போட வேண்டாம். தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கடைசியில் கொட்டுவதுதான் முறை. மணமும் அதில்தான் இருக்கிறது. கறிவேப்பிலை, ஃப்ரோசன் கீரை மாதிரி லேசானவை ஃபேன் காற்றில் எழும்பி ஹீட்டரில் சிக்கிப் பற்றிக்கொள்ளக்கூடும். தேங்காய்த் துருவலும் அடுப்பை அணைத்தபிறகு சேர்ப்பதே.

வெண்டைக்காய் நூல் நூலாக இழுக்கிறது

ஃப்ரோசன் வெண்டைக்காயைப் பலர் கைவிடுவது இந்த வழவழப்பால்தான். பொறுமையாகச் செய்தால் ஏர் ஃப்ரையரில் இதைப்போல் நன்றாக வரும் காய் வேறில்லை. வழவழப்பு நீரில் கரைந்து ஊறும் பொருள். நீர் இருக்கிறவரை இழுக்கும், நீர் போனால் அடங்கும். ஆகவே இதற்கு மட்டும் முதல் கட்டம் 9, 10 நிமிடம். அளவு 200 கிராமைத் தாண்டக்கூடாது. முதல் 7 நிமிடம் கிளறவோ குலுக்கவோ கூடாது, குலுக்கினால் ஒரு துண்டின் இழை இன்னொன்றில் சுற்றிக்கொள்ளும். துண்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் விதையைச் சுற்றி ஈரப் பளபளப்பு தெரியும். அது மங்கி, ஓரம் பழுப்பேறி, விதைகள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்போது இழை அறுந்துவிடும். அப்போது எண்ணெய், மிளகாய்த்தூள், ஒரு கரண்டி அரிசி மாவு புரட்டி இன்னும் 6 நிமிடம். தயிர் சாதத்துக்கு இதைவிட நல்ல தொட்டுக்கொள்ளல் கிடையாது. முருங்கைக்காயை மட்டும் இதில் முயல வேண்டாம். நார்தான் மிஞ்சும், அது குழம்புக்குப் போகட்டும்.

பீன்ஸ் பச்சை போய்ப் பழுப்பாகிறது, ப்ரோக்கோலி நாற்றமடிக்கிறது

இரண்டும் நேரம் கூடியதன் அடையாளம். பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் நீண்ட சூட்டிலும் புளிப்பிலும் சிதையும். எலுமிச்சைச் சாற்றைத் தட்டில் வைத்தபிறகு பிழியுங்கள். ப்ரோக்கோலி, காலிஃபிளவர், முட்டைக்கோஸ் குடும்பத்தில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. கூட்டம் சேர்த்துப் போட்டு 20 நிமிடம் ஆவியில் புழுங்கவிட்டால் அந்த வாடை கிளம்பும். அளவைக் குறைத்து 10 முதல் 12 நிமிடத்தில் முடித்தால் வாடையும் வராது.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஒன்று வெளுத்து, ஒன்று கறுத்து

ஃப்ரோசன் ஃப்ரைஸ் மற்றக் காய்களைப் போல அல்ல. தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்து உறைய வைத்தது. மேலும் எண்ணெய் தெளிக்க வேண்டியதில்லை. 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் இரண்டு தடவை குலுக்க வேண்டும். பொன் மஞ்சளில் எடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கு 120 டிகிரிக்கு மேல் காயும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது. நிறம் பழுப்புக்குப் போகப் போக அது கூடும். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவது என்பதால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

புகை வருகிறது

வெள்ளைப் புகை என்றால் எண்ணெய், கறுப்புப் புகை என்றால் ஏதோ ஹீட்டரில் ஒட்டி எரிகிறது. கறுப்பாக வந்தால் உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறியபிறகு தலைகீழாக வைத்து ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். உள்ளே தீ தெரிந்தால் கூடையை இழுக்காதீர்கள். மின்சாரத்தை மட்டும் துண்டித்து, மூடியபடியே விட வேண்டும்.

வெள்ளைப் புகைக்கு எண்ணெயை மாற்றினாலே போதும். செக்கு நல்லெண்ணெயும் செக்குத் தேங்காயெண்ணெயும் 175 டிகிரிக்குப் பக்கத்திலேயே புகையத் தொடங்கும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 220-க்கு மேலும் தாங்கும். சமைக்க ரீஃபைண்ட் எண்ணெயை வைத்துக்கொண்டு, நல்லெண்ணெய் மணம் வேண்டுமானால் கடைசியில் ஒரு டீஸ்பூன் விடுங்கள்.

கூடையில் ஒட்டிக்கொள்கிறது

ஸ்பிரே டப்பா எண்ணெய்கள் பலவற்றில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது நான்ஸ்டிக் மேல் பசையாகப் படிந்து நாளாக நாளாக இறுகும். சாதாரண எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கம்பி நார் கிட்டவே வேண்டாம்.

பாக்கெட்டே ஒரே கட்டியாக இருக்கிறது

நல்ல ஃப்ரோசன் காய் தனித்தனியாக உறைய வைத்தது. பாக்கெட்டைக் குலுக்கினால் கூழாங்கல்லைப் போல உருள வேண்டும். ஒரே பாளமாக இருந்தால், கடையிலோ வண்டியிலோ வீட்டு மின்வெட்டிலோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கடையில் கையில் எடுக்கும்போதே குலுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்படி உறைந்த காய் ஏர் ஃப்ரையரில் எந்த வித்தையாலும் மொறுமொறுப்பாகாது, அதன் செல்கள் உடைந்து போய்விட்டன. வாடை இல்லாமல் இருந்தால் சாம்பாரிலோ கூட்டிலோ வேகவையுங்கள். பாக்கெட் உப்பியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மின்வெட்டின்போது ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரைக்கும் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். நன்றாக மூடும் தனி ஃப்ரீசருக்கான கணக்கு இது. சிறிய ஃபிரிட்ஜின் மேல்தட்டுக்குப் பொருந்தாது.

நேற்று நன்றாக வந்தது, இன்று அதே நேரத்தில் வரவில்லை

காய் அதே, அளவு அதே, நேரமும் அதே. ஆனாலும் துவண்டு கிடக்கிறது என்றால் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1500 வாட் தருகிற ஹீட்டர், 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1135 வாட்தான் தரும். கால்வாசி சூடு போயிற்று. சித்திரை வைகாசி இரவுகளில் தெருவெல்லாம் ஏசி ஓடும்போது நம் ஊரில் இது சகஜம். சாதாரணப் பண்டத்துக்கு இரண்டு நிமிடம் கூட வைத்தால் சரியாகிவிடும். ஃப்ரோசன் காய்க்கு அப்படி இல்லை, சூடு குறைந்தால் ஆவி வெளியேறாமல் உள்ளேயே புழுங்கும். அன்றைக்கு நேரத்தைக் கூட்டுவதைவிட அளவைப் பாதியாக்குங்கள். முன்சூட்டை 8 நிமிடமாக்குங்கள்.

எதில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் அதற்குப் போதாது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட கன்வெர்ட்டர் போட்டாலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்து மாட்டினாலோ ஒயர் சூடாகும், வோல்டேஜும் அங்கேயே விழும். 16 ஆம்பியர் பவர் பாயின்ட்டில் நேராக மாட்டுங்கள். ஓடி முடிந்ததும் பிளக்கின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காத சூடு இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றும்வரை அந்தப் பாயின்ட்டில் மாட்டாதீர்கள்.

வோல்டேஜும் பாயின்ட்டும் சரியென்றால், ஹீட்டருக்கு மேலே ஃபேன் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா பாருங்கள். ஆறிய மெஷினில் ஈரத்துணியால் துடைக்க எட்டும் வரை துடைக்கலாம். அதன்பிறகும் சூடு ஏறவில்லையென்றால், கடையில் கிடைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டரை வெறும் கூடையில் வைத்து 200-இல் 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 180-ஐக்கூடத் தொடவில்லையென்றால் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.